எட்டாவது வள்ளல்

கட்டுமாவடிக் கரையில் படகுகளின் பின்னால் தொங்கும் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சினை வாழ்த்தி இதுவரை யாரும் பாடியதாகத் தெரியவில்லை. அந்தக் குறையை நான் தீர்த்துவைக்கிறேன்.

முல்லைக்கொடி கேட்காமலே தேரைக் கொடுத்தான் பாரி. நம் எஞ்சினும் கடல் கேட்காமலேதான் கொடுக்கிறது. புதுக் கலவை சிலிண்டருக்குள் நுழையும் நேரத்தில் புகை வெளியேறும் வாசலும் திறந்தே இருக்கும். வந்த பெட்ரோலில் ஏறக்குறைய கால் பங்கு, எரிகிற சிரமம்கூட இல்லாமல் அந்த வழியே தண்ணீருக்குப் போய்விடும். கலந்து ஊற்றிய ஆயிலும் கூடவே போகும். பாக் விரிகுடாவோ ஆழம் குறைந்த கடல். இங்கே நண்டுகள் எண்ணெய்க் குளியலுக்குச் சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் டாஹோ ஏரியில் இந்த வகைக் கார்புரேட்டர் எஞ்சின்களை 1999இல் தடை செய்துவிட்டார்கள். ஈகையின் அருமை அறியாத ஊர்.

வள்ளலின் பெருமை முழுதாக விளங்க, பக்கத்துப் படகில் நீண்ட தண்டோடு கிடக்கும் டீசல் எஞ்சினைப் பார்க்க வேண்டும். அப்படியொரு கருமியை எங்கும் காண முடியாது. வெறும் காற்றை உள்ளே இழுத்து, பதினாறு பதினெட்டு மடங்கு நெருக்கிச் சூடாக்கி, கடைசி நேரத்தில்தான் டீசலைக் கொஞ்சமாகப் பீய்ச்சும். வாசல் திறப்பதற்குள் எல்லாவற்றையும் எரித்து முடித்துவிடும். ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் கால் லிட்டர் போதும் அதற்கு. நம்மவர் முழு வேகத்தில் அரை லிட்டரை நெருங்குவார். பத்துக் குதிரைத்திறன் எஞ்சின் என்றால் மணிக்கு இரண்டரை லிட்டர் எங்கே, ஐந்து லிட்டர் எங்கே! பெட்ரோல் பங்க்காரர் எழுந்து நின்று வணக்கம் சொல்வது யாருக்கு என்று நீங்களே பாருங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். அதன் விலையைக் கேட்டவர்கள் அதோடு பேச்சை மாற்றிவிடுகிறார்கள். டீசல் கனம்தான், இடுப்பு எலும்பு வரை அதிர்கிறதுதான். டூ ஸ்ட்ரோக்கை ஒரே ஆள் தோளில் தூக்கிப் போய்விடலாம். பெட்ரோல் கேன்களைத் தூக்கத்தான் இன்னொரு ஆள் வேண்டும்.

வள்ளலுக்கு ஏற்ற வீரர்களும் நம் கரையில் உண்டு. நண்டு ஏலத்துக்கு முதல் ஆளாக வந்து சேர, முறுக்கிய கையைத் தளர்த்தவே மாட்டார்கள். படகின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் தேவைப்படும் திறன் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும் என்கிறது கணக்கு. கணக்குக்கெல்லாம் அஞ்சுகிறவனா வீரன்? பத்து நிமிடம் முந்தி வந்து, நண்டு விற்ற காசில் பாதியைப் பங்க்கில் கொடுத்துவிட்டுத் தலைநிமிர்ந்து நடக்கிறான்.

புது எஞ்சின் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குதிரைத்திறனையும் சத்தத்தையும் மட்டும் விசாரியுங்கள். ஐந்து லிட்டரை அளந்து ஊற்றி, அதே படகில், அதே பாரத்தோடு இரண்டு எஞ்சினையும் ஓட்டிப் பார்க்கும் விபரீத வேலையில் மட்டும் இறங்கிவிடாதீர்கள்.