சித்தப்பாவும் ஒரு செகண்ட் ஹேண்ட் பாய்மரமும்

காஞ்சிபுரத்துக்காரன் படகு வாங்கக் கிளம்பினால் ஊர் சிரிக்கத்தான் செய்யும். பாலாற்றில் இருப்பது மணல். வேகவதியில் ஓடுவது என்ன என்று நாலு பேர் நடுவில் சொல்ல முடியாது. ஆனால் என் பக்கம் சரித்திரம் இருந்தது. 7ஆம் நூற்றாண்டில் யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தபோது, இங்கிருந்து இலங்கைக்குக் கப்பலேறும் எண்ணம் அவருக்கு இருந்தது. அங்கிருந்து வந்த பிக்குகள், “ராஜா போய்விட்டார், நாட்டில் பஞ்சம்” என்று சொல்ல, மனிதர் கப்பலேறாமலே வேறு பக்கம் போய்விட்டார். இதை வீட்டில் எடுத்துச் சொன்னேன். “அந்தச் சீனாக்காரருக்கு இருந்த புத்தி...” என்று என் மனைவி ஆரம்பித்தாள். வாக்கியத்தை முடிக்கவில்லை.

இன்னொரு ஆதாரமும் கைவசம் இருந்தது. வேலூரில் பிறந்த ராணுவ வீரர் விஷ்ணு சரவணன் 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் பாய்மரப் படகோட்டி வெண்கலம் வாங்கினார். வேலூரில் மட்டும் கடலா அலையடிக்கிறது? அவர் ஓட்டியது ஒற்றை ஆள் படகு. இப்போது ஐஎல்சிஏ 7 என்கிறார்கள், பழைய பெயர் லேசர். புரூஸ் கர்பி என்ற கனடாக்காரர் ஒரு போன் பேச்சின்போது கிறுக்கிப் பார்த்த படம், 1971இல் சந்தைக்கு வந்து, 1996இல் ஒலிம்பிக்ஸுக்கும் போய்விட்டது. நீளம் 4.2 மீட்டர், வெறும் படகின் எடை 59 கிலோ. கார் மேல் கட்டிக்கொண்டு போகலாமாம். என்னிடம் கார் இல்லை என்பது வேறு விஷயம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஒரு கொட்டகையில் பழைய லேசர் ஒன்று விலைக்கு இருப்பதாகத் தகவல் வந்தது. எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று அச்சடித்த தாளோடு கிளம்பினேன். வாசலில் சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டி நின்றுகொண்டிருந்தார். காஞ்சியின் பிள்ளையார்பாளையத்தில் விவரம் தெரிந்த நாள் முதல் பட்டு நெய்யக் குழித்தறியில் உட்கார்ந்தவர். கடலைப் பார்த்தால் காலை மட்டும் நனைத்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

“புதுசு வாங்கறதுன்னா நீ போ. பழசுன்னா நான் வரணும்.”

கொட்டகைக்காரர் பாயை விரித்ததும் சித்தப்பா படகைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகத் துணிக்குப் போனார். விரல்களுக்கு நடுவே கசக்கினார், காதருகே வைத்துக் கேட்டார். பாய்த் துணி புதிதில் மொடமொடவென்று சத்தம் போடும். வெயிலிலும் உப்பிலும் உழைத்தால் தளர்ந்து வாயடைத்துப் போகும். இது என் தாளில் 4ஆம் பக்கத்தில் இருந்தது. சித்தப்பா தாளைப் படிக்கவில்லை.

“நூல் ஒண்ணு எடுத்துக்கட்டுமா, தம்பி?”

விபரீதம் புரியாமல் கொட்டகைக்காரர் தலையாட்டினார். சித்தப்பா ஓரத்து நூலை உருவி, தீப்பெட்டியை உரசினார். பட்டானால் முடி கருகும் வாசனை வரும், சாம்பல் தொட்டால் உதிரும். இது உருகி, கறுப்பாக ஒரு மணியானது. “பாலியஸ்டர்” என்றார், கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் ரகசியத்தைப் போட்டுடைக்கிற குரலில்.

“பாய் எல்லாமே பாலியஸ்டர்தான் பெரியவரே!”

“அதைச் சொல்லித்தானே விக்கணும்?”

அடுத்து, பாயின் துண்டுகள் கூடுகிற இடம். எங்கள் ஊரில் உடலும் கரையும் வேறு நிறமென்றால் இரண்டு பேர் உட்கார்ந்து, தனி நாடா விட்டு, இழையோடு இழை கோர்த்து நெய்வார்கள், அதுதான் கோர்வை. இங்கே வெறும் தையல். சித்தப்பா நகத்தால் லேசாக நெம்ப, தையல் நூல் பொடியாக உதிர்ந்தது. வெயில் அந்த நூலைத்தான் முதலில் தின்னும் என்று 5ஆம் பக்கம் சொல்கிறது.

பிறகுதான் படகு. “எந்த மரம்?” என்றார். ஃபைபர் என்றதும் முகம் சுருங்கியது. “நம்ம அத்தி வரதர் அத்தி மரம்தான். 40 வருஷம் குளத்துக்குள்ள இருக்கார். 1979லயும் சேவிச்சேன், 2019லயும் சேவிச்சேன், ஒரு விரிசல் கிடையாது. இது எவ்வளவு வருஷம் தாங்கும்?” கொட்டகைக்காரருக்கு இதற்குத் தயாரான பதில் இல்லை. யாருக்கும் இருக்காது.

ஒரு ரூபாய் நாணயத்தால் மேல்தளம் முழுக்கத் தட்டிக்கொண்டே வந்தார். டக், டக், டக். பாய்மரம் செருகும் குழியருகே மட்டும் ‘பொத்’. காற்றின் பலம் முழுக்க இறங்குகிற இடம் அது. உள்ளே ஈரம் ஊறி நைந்திருந்தால் ஒருநாள் மரம் தளத்தையே பிளந்துகொண்டு சாய்ந்துவிடும். அந்தக் குழியில் தண்ணீர் ஊற்றி, மட்டத்தைக் குறித்து, காத்திருந்து பார்க்க வேண்டும் என்பது என் தாளின் உபயம். ஊற்றினோம், டீ குடித்தோம், வந்து பார்த்தால் மட்டம் இறங்கியிருந்தது.

“வெயில் சார். ஆவியாயிடுச்சு.”

“ஆவி மேலதானே போவும்? இது கீழ போவுதே” என்றார் சித்தப்பா.

எடையையும் பார்த்துவிடலாம் என்று தூக்கினோம். 59 கிலோவுக்கு இரண்டு பேர் போதும். நான்கு பேர் பிடித்தும் மூச்சு வாங்கியது. சாப்பாட்டு நேரம், தெம்பில்லை என்றார் கொட்டகைக்காரர். ஜரிகையில் எவ்வளவு வெள்ளி என்று சொல்ல எங்கள் ஊரில் இயந்திரமே வந்துவிட்டது. படகில் எவ்வளவு தண்ணீர் என்று சொல்லச் சித்தப்பா பின்பக்கத்துத் திருகுமூடியைத் திறந்து, முன்பக்கத்தைத் தூக்கச் சொன்னார். வேகவதியில் நான் பார்த்ததைவிட அதிகம் வந்தது.

விலை பாதியாக இறங்கியது. சித்தப்பா அசையவில்லை. பிறகு கிளம்புகிற நேரத்தில், “படகு வேணாம். அந்தப் பாயை மட்டும் என்ன விலைக்குத் தருவே?” என்றார். பேரம் ஐந்தே நிமிடத்தில் முடிந்தது. துணி விஷயத்தில் அவரோடு மோதுகிற தைரியம் அந்த மனிதருக்கு மிச்சமில்லை.

அந்தப் பாய் இப்போது பிள்ளையார்பாளையத்தில் இருக்கிறது. காலையில் தெருவில் பாவு விரிக்கும்போது தூறல் விழுந்தால் இழுத்துப் போர்த்துகிறார்கள். ஏழு சதுர மீட்டர் முக்கோணம், பாவில் ஒரு மூலையைத்தான் மறைக்கும். மீதிக்கு வழக்கமான தார்ப்பாய். பாயில் பெரிதாக ஒட்டியிருக்கும் பந்தய எண்ணைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுக்காரர் விசாரித்தாராம்: “இது எந்த நெசவாளர் சொசைட்டி நம்பர்? எங்களுக்கெல்லாம் குடுக்கலையே!”