வெட்டப்படாத பக்கங்கள்: அமெரிக்கக் கோடை விடுமுறை நாவல் வாசிப்பு குறித்து ஓர் ஆய்வு

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஆங்கில வகுப்புக்கென்று ஜூன் மாதம் மாணவன் கையில் ஒரு நாவலைக் கொடுத்து அனுப்புகிறார்கள். ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் முதலிலோ பள்ளி திறக்கும்போது அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையோடு அவன் வந்து நிற்க வேண்டும். இடைப்பட்ட காலத்தில் அந்நாவல் படிக்கப்படுகிறதா என்ற வினாவை முன்னோர் பலர், குறிப்பாகத் தாய்மார், எழுப்பியிருக்கிறார்கள். விடை ஊரறிந்தது என்பதால் அதை விட்டுவிடலாம். படிக்காத நாவலிலிருந்து ஐந்து பக்கக் கட்டுரை எவ்வாறு பிறக்கிறது என்பதே இங்கு ஆராயப் புகும் பொருள்.

மூலபாடமாக எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி' (1925) கொள்ளப்பட்டது. காரணம் மாணவர்களுக்கும் இவ்வாய்வாளருக்கும் ஒன்றே: மொத்தம் 9 அத்தியாயம். 'மோபி டிக்' நாவலுக்கு 135. பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொன்னால் இளையோர் முதலில் நூலின் முதுகைத்தான் பார்க்கிறார்கள், அட்டையை அல்ல.

கேட்ஸ்பி அமெரிக்கக் கனவைப் பற்றிய நாவல் என்பது ஆசிரியர்களின் கொள்கை. அது பொருந்தாது. அந்நாவல் விடுமுறை வீட்டுப்பாடத்தைப் பற்றியது. கதை நடப்பது 1922ஆம் ஆண்டுக் கோடையில். ஆண்டின் மிக நீண்ட பகலுக்காகக் காத்திருந்து, வந்ததும் கவனிக்காமல் விட்டுவிடுவதே தன் வழக்கம் என்று முதல் அத்தியாயத்திலேயே நாயகி டெய்சி சொல்லிவிடுகிறாள். ஜூன் 21ஐ இப்படித் தொலைத்தவளுக்கு ஆகஸ்ட் 21 என்னவாகும் என்பது சொல்லாமலே பெறப்படும்.

நாயகன் கேட்ஸ்பியின் மாளிகையில் நீச்சல் குளம் உண்டு. கோடை முழுதும் அவன் அதில் இறங்கவில்லை. இலை உதிரத் தொடங்கி, தோட்டக்காரன் நீரை வடிக்கப்போகிறேன் என்று வந்து நின்ற பிறகே இறங்குகிறான். அன்றே சுடப்பட்டுச் சாகிறான். கடைசி நாளில் காரியத்தைத் தொடங்குவோர்க்கு உலக இலக்கியம் விதித்த தண்டனைகளில் இதுவே கடுமையானது.

இவற்றினும் வலிய சான்று நூலகக் காட்சி. விருந்துக்கு வந்த ஒருவர், ஆந்தைக் கண் போன்ற மூக்குக்கண்ணாடிக்காரர், போதையில் நூலகத்துக்குள் நுழைகிறார். அடுக்கியிருப்பவை வெறும் அட்டைகள் என்று நினைத்து எடுத்துப் பார்த்தால் எல்லாம் அசல் புத்தகங்கள், வியந்துபோகிறார். ஆனால் பக்கங்கள் வெட்டப்படவில்லை. அக்காலத்தில் தாள்கள் மடித்தபடியே விளிம்பு ஒட்டி வரும் நூல்கள் உண்டு. கத்தியால் கீறினால்தான் படிக்க முடியும். ஆக, நூல் வாங்கப்பட்டது, அலமாரியில் ஏற்றப்பட்டது, வந்தவர்க்குக் காட்டப்பட்டது. எஞ்சியது ஒரு வேலைதான். ஜூலை மாதத்து மாணவனின் மேசையை இதைவிடத் துல்லியமாக எவரும் வரைந்ததில்லை.

அற்றேல், கேட்ஸ்பிக்குப் படிக்கும் எண்ணமே இல்லையோ எனின், இருந்தது. அவன் இறந்தபின் தந்தை ஒரு பழைய கௌபாய் கதைப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டுகிறார். அதன் கடைசி வெற்றுத்தாளில் சிறுவயதுக் கேட்ஸ்பி கால அட்டவணை போட்டு வைத்திருக்கிறான்: காலை 6 மணிக்கு எழுவது, உடற்பயிற்சி, மின்சாரம் பற்றிய படிப்பு. கீழே தீர்மானங்கள், வாரம் ஒரு நல்ல நூலோ இதழோ படிப்பதும் அவற்றுள் ஒன்று. இதை இலட்சிய வேட்கை என்று உரை கண்டவர்கள் தேதியைப் பார்க்கவில்லை. 1906 செப்டம்பர் 12. கோடை போய்விட்டது! நல்ல நூல் படிக்கப்போவதாக எழுதும் அட்டவணையை இன்னொரு நூலின் மேலேயே கிறுக்கியிருப்பதும் நோக்கத்தக்கது.

இனிக் குறியீடு. மீதமுள்ள நாள்கள் குறையக் குறைய நாவலில் தென்படும் குறியீடுகள் பெருகும் என்பது இவ்வாய்வின் விதி. ஜூனில் படிப்பவனுக்கு விரிகுடாவின் அக்கரையில் தெரியும் பச்சை விளக்கு, டெய்சி வீட்டுப் படகுத்துறை விளக்கு. ஆகஸ்ட் 30 இரவில் அதுவே நம்பிக்கை, பணம், பொறாமை, எதிர்காலம் எல்லாமாகிவிடும். முல்லைப்பாட்டின் அடிகளை இடம் மாற்றிப் பொருள்கொண்ட உரையாசிரியர் நச்சினார்க்கினியர்கூடப் பாட்டைப் படித்துவிட்டுத்தான் மாற்றினார்.

மஞ்சள் நிறத்தையும் இவ்விதிக்குள் அடக்கலாம். கதையில் ஆளைக் கொல்வது மஞ்சள் கார். 1958இல் நெப்ராஸ்காவில் கிளிஃப்டன் ஹில்லகாஸ் தொடங்கிய கிளிஃப்ஸ்நோட்ஸ் என்னும் சுருக்க உரைநூல் வரிசைக்கும் அடையாளம் மஞ்சளும் கறுப்பும் கலந்த அட்டை. 1940இல் இறந்துவிட்ட ஃபிட்ஸ்ஜெரால்ட் இதை எப்படி முன்னறிந்தார் என்பது தனி ஆய்வுக்குரியது.

இவ்விதியை எதிர்த்தவன் ஒருவன் உண்டு. வகுப்பில் குறியீடு தேடித் தேடிச் சலித்துப்போன புரூஸ் மெக்அலிஸ்டர் என்ற 16 வயதுப் பையன், குறியீடுகளைத் தெரிந்துதான் வைக்கிறீர்களா என்று கேட்டு 1963இல் 150 எழுத்தாளர்களுக்கு வினாத்தாள் அனுப்பினான். ஏறத்தாழப் பாதிப்பேர் பதில் எழுதினார்கள். ஜாக் கெரோவாக் இல்லை என்று ஒற்றைச் சொல்லில் முடித்துக்கொண்டார். பையனின் செயலில் வியக்க ஒன்றுமில்லை. ஒரு நாவலில் குறியீடு தேடுவதற்குப் பதில் நூற்றைம்பது கடிதம் அனுப்பலாம் என்று தோன்றுவது மாணவ இயல்பு. நாவலாசிரியர்கள் ஏன் உட்கார்ந்து பதில் எழுதினார்கள் என்பதே கேள்வி. பதிலளித்தவர்களில் ரால்ஃப் எலிசனும் ஒருவர். முதல் நாவல் 1952இல் வெளிவந்து புகழ்பெற்றுவிட்டதால் அப்போது இரண்டாவது நாவலை எழுதிக்கொண்டிருந்தார். 1994இல் இறந்தபோதும் அது முடிந்திருக்கவில்லை. பள்ளிப் பையனுக்கான பதிலை மட்டும் முடித்துத் தபாலில் சேர்த்துவிட்டார்.