குட்டி பதினாறடி

கங்கை கொண்டான், கடாரம் கொண்டான், முடிகொண்டான், பண்டித சோழன். ராஜேந்திர சோழன் சேர்த்து வைத்த பட்டங்களை ஒரே மூச்சில் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பிராணாயாமம் பழகியிருக்க வேண்டும். ஆனால் இருப்பதிலேயே பெரிய பட்டம், அவர் கண்ணை மூடித் தொள்ளாயிரத்துச் சொச்சம் வருஷம் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. போயிங் 747.

சத்தியமாகச் சொல்கிறேன். ஏர் இந்தியாவுக்குத் தன் விமானங்களுக்குப் பெயர் சூட்டுவதில் அப்படி ஒரு மோகம். 1948-இல் லண்டனுக்குக் கிளம்பிய கான்ஸ்டலேஷனுக்கு ‘மலபார் பிரின்சஸ்’ என்று பெயர். 1960-இல் வந்த 707, ‘கௌரிசங்கர்’. 1971-இல் ஜம்போ ஜெட் வந்து இறங்கியதும் பார்த்தார்கள்: இந்த சைஸுக்கு இளவரசி தாங்காது, மலையும் போதாது. கூப்பிடு சக்கரவர்த்திகளை! அசோகர் வந்தார், ஷாஜஹான் வந்தார். அந்த வரிசையில் நம்ம ஊர்க்காரர், ‘எம்பரர் ராஜேந்திர சோழா’ என்று மூக்கில் பெயர் எழுதிக்கொண்டு வந்து நின்றார். காவிரித் தண்ணீர் குடித்த சக்கரவர்த்திக்கு விமான எரிபொருள்!

ஒவ்வொரு ஜன்னலைச் சுற்றியும் ராஜஸ்தான் அரண்மனை மாதிரி சிவப்பு வளைவு வரைந்திருப்பார்கள். ‘வானத்தில் உங்கள் அரண்மனை’ என்று விளம்பரம் வேறு. மாடியில் முதல் வகுப்புக்காரர்களுக்கு லவுஞ்ச், ஏறிப்போகச் சுருள் படிக்கட்டு. சோழ ராஜாவை ராஜபுத்திர ஜன்னலுக்குள் உட்கார வைத்துவிட்டோமே என்று அன்றைக்கு ஒருத்தருக்கும் உறுத்தியதாகத் தெரியவில்லை. உறுத்தியிருந்தால் ஜன்னலுக்கு ஜன்னல் யாளி வரைந்திருப்பார்கள், பாதிக் குழந்தைகள் ஏற மறுத்திருக்கும்.

அந்த ஜம்போக்கள் எதுவும் இப்போது ஏர் இந்தியாவிடம் இல்லை. கடைசி 747-உம் 2024 ஏப்ரலில் மும்பையிலிருந்து டாட்டா காட்டிவிட்டுப் போய்விட்டது. மிச்சம் இருப்பது மாடல்தான். அதிலும் பசை வேண்டாம், பெயின்ட் வேண்டாம், வெறும் கையால் அழுத்திப் பொருத்துகிற ஸ்னாப்-ஃபிட் மாடல். சக்கரவர்த்தி, துண்டு துண்டாக, அட்டைப்பெட்டியில்.

பெட்டியைத் திறந்தால் நீளமாக ஒரு உடம்பு. தனித்தனியாக இரண்டு இறக்கை, இரண்டு குட்டி வால் இறக்கை, நாலு இன்ஜின், ஒரு ஸ்டாண்ட். ‘இவ்வளவுதானா?’ என்று இளக்காரமாக ஆரம்பிப்பீர்கள். இறக்கையின் நாக்கை உடம்பிலுள்ள துளையில் வைத்து அழுத்தினால் முக்கால்வாசி போய் நின்றுவிடும். இன்னும் அழுத்தினால் உடைந்துவிடுமோ என்று பயம், விட்டால் இடைவெளி தெரிகிறதே என்று வருத்தம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு அழுத்து. ‘டக்’. ஆஹா! அதற்கப்புறம்தான் தெரியும், இடது இன்ஜினை வலதில் மாட்டியிருக்கிறீர்கள்.

இந்த விஷயத்தில் மாடல் கட்டுகிறவர்களுக்குள் ஜாதி உண்டு. பசை போட்டு, உப்புத்தாள் தேய்த்து, மூன்று கோட்டிங் பெயின்ட் அடித்து, மூன்று மாசம் குடும்பத்தோடு பேசாமல் கட்டுகிறவர் உசத்தி. அழுத்திப் பொருத்துகிறவர் மட்டம். ‘பசை போடாமல் பொருத்துவதெல்லாம் ஒரு வேலையா?’ என்பார் உசத்திக்காரர்.

அவரைக் கையைப் பிடித்து நேராகத் தஞ்சாவூர் பெரிய கோயில் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். 216 அடி. கருங்கல். சுண்ணாம்புச் சாந்து பூசி ஒட்டவில்லை, கல்லைக் கல்லோடு பொருத்தி, மேலே இருக்கிற கல்லின் எடையே கீழே இருப்பதைப் பிடித்துக்கொள்ளும்படி அடுக்கியது. 1010-இல் கட்டி முடித்தார் ராஜராஜ சோழர், இன்னும் நிற்கிறது. உலகத்தின் மிகப் பெரிய ஸ்னாப்-ஃபிட் மாடல் எங்கள் ஊரில் இருக்கும்போது எவன் சார் பசையைப் பற்றிப் பேசுவது?

உச்சியில் இருப்பது எண்பது டன் ஒரே கல், சாரப்பள்ளத்திலிருந்து சாரம் கட்டி யானை இழுத்துக்கொண்டு போனது என்று ஆட்டோக்காரர் ஆரம்பித்து கைடு வரைக்கும் சொல்வார்கள். அளந்து பார்த்த கட்டடக்கலை ஆய்வாளர்கள், அது பல துண்டுகளைச் சேர்த்துப் பொருத்தியது என்கிறார்கள். நிழல் தரையில் விழாது என்பார்கள். சாயங்காலம் அங்கே போய் உட்கார்ந்து பாருங்கள், அந்த நிழலில்தான் பாதி தஞ்சாவூர் கடலை கொறித்துக்கொண்டிருக்கும்.

சரி, ராஜராஜருக்கும் ஷெல்ஃபில் மாடல் அடுக்குகிறவருக்கும் சம்பந்தம் இருக்கிறதா? அவர் கல்வெட்டுகளைப் படித்தால் உங்களுக்கே சிரிப்பு வரும். தான் கொடுத்தது, அக்கா கொடுத்தது, மனைவிமார் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொல்கிறார். செப்புத் திருமேனிகளுக்கு உயரம் இத்தனை முழம் இத்தனை விரல், கை எத்தனை, பீடம் எப்படி, பிரபை உண்டா என்று பட்டியல். நகைகளைத் தனி எடைக்கல்லால் நிறுத்து, கோத்த சரடைக் கழித்து, உள்ளே அடைத்த அரக்கைச் சேர்த்துக் கணக்கு. முத்துகளில் எது உருண்டை, எது சப்பை, எது இரட்டை, எதில் சிவப்பு நீரோட்டம் என்பது வரைக்கும் விடவில்லை. இது பக்தி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘பெட்டி ஓரத்தில் லேசாக மடங்கியிருக்கிறது, மற்றபடி புதுசு’ என்று எழுதி விற்கிற ஆள் யார் வம்சம் என்று இப்போது தெரிகிறதா?

இந்த அப்பாவுக்குப் பிள்ளையாகப் பிறப்பது எவ்வளவு கஷ்டம், யோசியுங்கள். ஊருக்குள் எந்தத் தெருவில் திரும்பினாலும் அப்பா கட்டிய கோயில் தெரிகிறது. ராஜேந்திரர் என்ன செய்தார்? ஊரையே காலி செய்தார். கொள்ளிடத்துக்கு வடக்கே கங்கைகொண்ட சோழபுரம் என்று புதுத் தலைநகர். அங்கே அப்பா கோயில் மாதிரியே ஒரு கோயில். ஆனால் உயரம் ஏறக்குறைய 180 அடி.

அப்பா மேல் இருந்த மரியாதையால் குறைத்துக் கட்டினார் என்பது ஊர் சொல்கிற காரணம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பட்ஜெட் இடித்திருக்கலாம் என்று நினைப்பது என்னை மாதிரிக் குதர்க்கம் பிடித்தவர்கள். பின்னால் வந்த இரண்டாம் ராஜராஜர், தாராசுரத்தில் இன்னும் சின்னதாக ஒன்று, எண்பது அடி சுமாருக்குக் கட்டினார். ஆக, ஒரே மாடல், மூன்று ஸ்கேல். யுனெஸ்கோ 1987-இல் பெரியதை எடுத்துக்கொண்டது, 2004-இல் மற்ற இரண்டையும் சேர்த்து செட்டை முழுசாக்கியது. செட் சேராமல் தூக்கம் வராத வியாதி யுனெஸ்கோவுக்கும் இருக்கிறது.

கங்கை கொண்ட கதையும் இந்த லட்சணம்தான். கங்கை வரைக்கும் போனது ராஜேந்திரரின் தளபதி. ராஜா கோதாவரிக் கரையில் காத்திருந்தார். தோற்ற ராஜாக்கள் தலையில் கங்கைத் தண்ணீர் வந்து சேர்ந்தது என்கிறது திருவாலங்காட்டுச் செப்பேடு. அதாவது ஹோம் டெலிவரி, அதுவும் பாதி வழியில் பிக்-அப். அந்தத் தண்ணீரை ஊற்றி ‘சோழகங்கம்’ என்று ஏரி வெட்டி, அதற்கு நீராலான வெற்றித்தூண் என்று பெயரும் கொடுத்தார். மற்ற ராஜாக்கள் கல்லில் தூண் நட்டால் இவர் தண்ணீரில் நடுகிறார். கற்பனைக்குப் பஞ்சமே இல்லாத மனுஷன்!

கடாரம் மட்டும் நிஜமாகவே வேறு ரகம். 1025-இல் கடல் தாண்டிப் படை போனது. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், மாதமாலிங்கம், நக்கவாரம், கடாரம் என்று மெய்க்கீர்த்தி ஊர் ஊராக அடுக்குவதைப் பார்த்தால் விமான நிலையத்தில் புறப்பாடு போர்டு ஓடுகிற மாதிரியே இருக்கும். கேட் நம்பர்தான் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த ஸ்ரீவிஜயத்து ராஜாக்கள் அப்பாவுக்கு நண்பர்கள். நாகப்பட்டினத்தில் அவர்கள் கட்டிய சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற கிராமத்தையே எழுதிக் கொடுத்தார் ராஜராஜர். அதைச் செப்பேட்டில் பொறித்து நிலையாக்கியது சாட்சாத் ராஜேந்திரர்தான். பத்திரத்தையும் பதிவு பண்ணிக் கொடுத்துவிட்டு, கப்பலையும் அனுப்பி அடித்திருக்கிறார். ஏன் என்பதற்குச் சீன வியாபாரம், கடல் வழி என்று சரித்திர ஆசிரியர்கள் பல காரணம் சொல்கிறார்கள். அப்பாவின் நண்பர்களைக் கண்டால் பிள்ளைகளுக்கு ஆகாது என்ற எளிய காரணத்தை யாரும் எழுதக் காணோம்.

அந்தக் கடாரம்தான் இன்றைய மலேசியாவின் கெடா. எங்கள் பக்கத்து ஜனங்கள் பின்னாளில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி அதே திசையில்தான் பிழைக்கப் போனார்கள். இப்போது திருச்சியில் ஏறினால் நாலு மணி நேரத்தில் கோலாலம்பூர். படை வேண்டாம், பாஸ்போர்ட் போதும். ஆனால் லக்கேஜில் ஊறுகாய் பாட்டில் உடைந்தால் ராஜேந்திரர் கப்பற்படைக்கு நேர்ந்ததைவிடப் பெரிய சேதம்.

தஞ்சாவூரிலிருந்தே ஏற முடியாதா என்று கேட்காதீர்கள். எங்களிடம் விமானதளம் இருக்கிறது, அதில் சுகோய் போர் விமானம் நிற்கிறது. சட்னி பாத்திரத்தோடு வருகிற பயணிகளுக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் பாருங்கள், 1990-களில் ஏர் இந்தியா 747-400 வாங்கியபோது ‘கொனார்க்’, ‘அஜந்தா’ என்று பெயர் வைத்துக்கொண்டு வந்து, ஒன்றுக்கு ‘தஞ்சாவூர்’ என்றே வைத்தது. இங்கிலீஷில் ‘டாஞ்சூர்’. ஊரில் வந்து இறங்க வழியில்லாத தஞ்சாவூர் உலகமெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. பாவம், ராஜராஜர் பெயரில் மட்டும் ஜம்போ கிடையாது. பிள்ளைக்குக் கிடைத்தது, ஊருக்குக் கிடைத்தது, அப்பாவுக்கு இல்லை.

இப்போது டேப்பை எடுங்கள். 747-இன் நீளம் 231 அடி 10 அங்குலம். வாலைத் தரையில் ஊன்றி நிமிர்த்தி நிறுத்தினால் பெரிய கோயில் விமானத்தைவிடக் கிட்டத்தட்ட பதினாறு அடி அதிகம். தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும் என்பார்களே, அளவெடுத்தாற்போல! அப்பாவின் உயரத்தைத் தாண்டக்கூடாது என்று கல்லில் காட்டிய அடக்கத்தை அலுமினியத்தில் கைவிட்டுவிட்டார் ராஜேந்திரர்.

வீட்டிலேயே சரிபார்க்கலாம். 200-இல் ஒரு பங்கு ஸ்கேலில் ஜம்போ 35 சென்டிமீட்டர். தஞ்சாவூரில் நெட்டியில் செதுக்கிய பெரிய கோயில் விற்பார்கள், கண்ணாடிப் பெட்டிக்குள், தந்தம் மாதிரி வெள்ளை வெளேரென்று. ஏரி குளத்தில் விளைகிற செடியின் தண்டைச் சீவி, பொடிப்பொடியாக நறுக்கி ஒட்டுகிற வேலை, 2020-இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. 33 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு கோயில் செய்து தரச் சொல்லி ஜம்போவுக்குப் பக்கத்தில் வைத்தால், அப்பாவும் பிள்ளையும் ஒரே ஸ்கேலில் ஒரே ஷோகேஸில். பசை போட்டது அப்பா, அழுத்திப் பொருத்தியது பிள்ளை. தலைமுறை மாற்றம்!

கடைசியாக ஒரு வேண்டுகோள். நவராத்திரி கொலுவில் விமானம் என்றாலே கீழே தரையில் பார்க் போட்டு, கடுகு முளைத்த மண்ணுக்கும் பிளாஸ்டிக் ஒட்டகத்துக்கும் நடுவில் கொண்டுபோய் வைத்துவிடுகிறீர்கள். மற்ற விமானம் எதையும் அங்கே வையுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ராஜேந்திர சோழன் கையில் கிடைத்தால் மட்டும் மரியாதையாக மேலே ஏற்றி, மரப்பாச்சி ராஜா ராணி பக்கத்தில் நிறுத்துங்கள். செட்டியார் பொம்மையைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் இடம் இருக்கும். இறக்கை முப்பது சென்டிமீட்டர், அளந்துகொண்டு வையுங்கள்.