பழைய வணிகப் பாதையைத் தூசி தட்டுவது எப்படி?

உங்களிடம் ஒரு அமைச்சகம் இருக்கிறது, அல்லது ஓர் ஆலோசனைக் குழுவாவது இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த உச்சி மாநாட்டுக்குள் பெரிதாக எதையாவது அறிவித்தே ஆக வேண்டும் என்று மேலிடம் நெருக்குகிறது. கவலையை விடுங்கள். ஆயிரம், இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் வியாபாரிகள் போய்வந்த வழி ஒன்றைப் பிடித்து, அதை மீட்டெடுக்கப் போவதாகச் சொல்லிவிடுங்கள். செத்துப்போன பாதைக்கு எதிர்க்கட்சி கிடையாது. அதில் நடந்தவர்கள் யாரும் எழுந்துவந்து, "நாங்கள் போனது அந்தப் பக்கமே இல்லை" என்று சாட்சி சொல்லப்போவதும் இல்லை.

முதலில் பெயர். பெயர் சரியாக அமைந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. பட்டுப்பாதையைப் பாருங்கள். அதில் ஒட்டகம் ஓட்டிய ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரியாது. 1877-ல் அதைப் பரப்பியவர் ஃபெர்டினண்ட் ஃபான் ரிக்ட்ஹோஃபன் என்கிற ஜெர்மன் புவியியலாளர். அவரும் சும்மா பழம்பெருமைக்காக வைக்கவில்லை. சீனாவின் நிலக்கரி வயல்களிலிருந்து ஐரோப்பாவுக்கு ரயில் விட வழி உண்டா என்று தடம் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். ஆக, பெயர்சூட்டு விழாவிலேயே அது ஒரு திட்ட அறிக்கைதான். 2013 செப்டம்பரில் ஷி ஜின்பிங் அஸ்தானாவில் தரைவழிக்கு ஒன்று, அடுத்த மாதமே ஜகார்த்தாவில் கடல்வழிக்கு ஒன்று என்று அதே பெயரை மறுபடி எடுத்தார். நம்மவர்கள் விடுவார்களா? 2014-ல் தோஹாவில் 'மௌசம்' திட்டத்தை அறிவித்தார்கள். பருவக்காற்று என்று பொருள். அவர்களுக்குப் பட்டு, நமக்குக் காற்று.

அடுத்தது வரைபடம். கோடு தடிமனாக, கொஞ்சம் வளைந்து இருக்கட்டும். 2023 செப்டம்பர் 9 அன்று டெல்லி ஜி-20 மாநாட்டில் இந்தியா, மத்திய கிழக்கு, ஐரோப்பா பொருளாதார வழித்தடம் அறிவிக்கப்பட்டது. இங்கிருந்து கப்பல், அமீரகத்தில் இறங்கி ரயில், சவுதி, ஜோர்டான் தாண்டி இஸ்ரேல், அங்கிருந்து மறுபடி கப்பல் ஏறி ஐரோப்பா. அறுபது நாளில் கூடி, செயல்திட்டமும் காலக்கெடுவும் முடிவு செய்வோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். இருபத்தெட்டாவது நாள் அக்டோபர் 7, இஸ்ரேல் மீது ஹமாஸ் தாக்குதல். அதிலிருந்து ஒரு பாடம்: கோடு போடும்போது போர் வரக்கூடிய இடம் எது என்று பார்க்காதீர்கள். பார்த்தால் இந்தப் பூமியில் எங்கேயும் கோடு போட முடியாது.

இனி வரலாறு. இதில்தான் கைப்பக்குவம் வேண்டும். எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பது சமையலில் உப்புப் போடுகிற மாதிரி.

காலி நகரத்து மும்மொழிக் கல்வெட்டு எல்லோருக்கும் பிடித்த அயிட்டம். சீனத் தளபதி செங் ஹோ 1409-ஆம் ஆண்டுத் தேதியிட்டுச் சீனாவிலேயே வெட்டுவித்து, கப்பலில் ஏற்றி இலங்கைக்குக் கொண்டுவந்த கல். சீனத்தில் புத்தருக்கு வணக்கம், தமிழில் தேனாவரை நாயனாருக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்கு. மூவருக்கும் கிட்டத்தட்ட ஒரே காணிக்கை: பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம், கூடவே பட்டும் எண்ணெயும். ஒரு தெய்வத்துக்கும் குறை வைக்கவில்லை. கூட்டறிக்கை எழுதுகிறவர்கள் படித்து மனப்பாடம் செய்ய வேண்டிய கல். இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தப் பயணம் முடிவதற்குள் செங் ஹோ அந்நாட்டு ஆட்சியாளர் அழகேசுவரரோடு சண்டையிட்டு, அவரைக் குடும்பத்தோடு பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோன கதையை மாநாட்டுப் பந்தியில் எடுக்காதீர்கள். (பேரரசர் மன்னித்து விட்டுவிட்டார் என்பது வேறு விஷயம்.) 1911-ல் ஒரு பொறியாளர் கண்டெடுத்தபோது அந்தக் கல் காலியில் ஒரு சாக்கடைப் பாலத்துக்கு மூடியாகக் கிடந்தது என்பதையும் எடுக்காதீர்கள். அதே தென்கரையில் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-ல் சீன நிறுவனத்துக்கு 99 வருஷக் குத்தகைக்குப் போனதை யாராவது நினைவுபடுத்தினால், முன்பு ஆளைக் கொண்டுபோனார்கள், இப்போது அப்படியில்லை, முன்னேற்றம்தானே என்று சொல்லிச் சமாளியுங்கள்.

சேரநாட்டுத் துறைமுகமான முசிறியைப் பற்றிப் பேசுங்கள், தாராளமாக. மிளகு, யவனர், பொன் என்றாலே கைதட்டல் விழும். ஆனால் வியன்னாவில் இருக்கிற முசிறி பாப்பிரஸை யாரும் படித்துக் காட்ட வேண்டாம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டு ஆவணம். அதில் கலாசாரப் பரிமாற்றம் பற்றி ஒரு வரிகூட இல்லை. முழுக்கக் கடன் ஒப்பந்தம். செங்கடலில் இறக்கி, ஒட்டகத்தில் ஏற்றி, நைல் வழியாக அலெக்சாந்திரியா கொண்டுபோய்ச் சேர்க்கிற வரைக்கும் சரக்குக்கு யார் பொறுப்பு, பணம் திரும்பாவிட்டால் என்ன, அரசாங்கத்துக்கு எவ்வளவு. எவ்வளவு தெரியுமா? நாலில் ஒரு பங்கு சுங்கம். ரோமானிய எழுத்தாளர் பிளினி என்னடாவென்றால் வருஷத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போகிறது என்று புலம்பி வைத்திருக்கிறார். சுமாத்ராவின் பாருஸில் கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டிலும் ஐந்நூற்றுவர் வணிகக் குழு, கப்பலில் வருகிறவர்கள் இவ்வளவு பொன் கட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்கிறது. பழைய பாதைகளில் உண்மையாகவே தொடர்ச்சி அறுபடாமல் வந்திருப்பது சுங்கச்சாவடி ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றும்.

எகிப்தில், குசேர் அல் கதீமில் கிடைத்த ஒரு பானை ஓடும் இருக்கிறது. தமிழ் பிராமியில் 'பானை ஒறி' என்று எழுதியிருக்கிறது, இரண்டு பக்கமும். ஒறி என்றால் நம் வீட்டு உறிதான். செங்கடல் கரையில் உட்கார்ந்துகொண்டு யாரோ ஒருவர் தன் உறிப்பானையில் உறிப்பானை என்று எழுதி வைத்திருக்கிறார். பக்கத்தில் படுத்திருந்தவன் தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்ற பயமாக இருக்கலாம். எனக்கு இந்த வணிக வரலாறு முழுக்கவே இதைவிடப் பிடித்தது வேறில்லை. ஆனாலும் விட்டுவிடுங்கள், இதை வைத்துக் கூட்டறிக்கை எழுத முடியாது.

கப்பல் ஒன்று கட்டலாம். ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்த கப்பலாக இருந்தால் படம் நன்றாக வரும். ஓமான் கட்டிய 'ஜுவல் ஆஃப் மஸ்கட்' 2010-ல் சிங்கப்பூர் போய், அங்கே அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. நம் 'கௌண்டின்யா' 2025 டிசம்பர் 29 அன்று போர்பந்தரில் கிளம்பி, எஞ்சின் இல்லாமல் காற்றை மட்டும் நம்பி, ஜனவரியில் மஸ்கட் போய்ச் சேர்ந்தது. மாலுமிகளின் துணிச்சலைக் கேலி செய்ய எனக்கு வாய் வராது. அதில் மிளகு ஏற்றுமதி செய்யலாமா என்று மட்டும் கேட்காதீர்கள்.

சரி, யாராவது உண்மையிலேயே வியாபாரம் செய்யக் கிளம்பிவிட்டால்? அதற்குத்தான் பொருள் பட்டியல். சிக்கிமில் சீன எல்லையில் இருக்கிற நாதுலா கணவாயை 1962-ல் மூடி, 2006 ஜூலை 6 அன்று திறந்தார்கள். 14,140 அடி உயரம். நாற்பத்து நாலு வருஷம் கழித்துத் திறந்த கதவில் என்னென்ன போகலாம் என்று இருதரப்பும் ஒப்புக்கொண்ட பட்டியலை நீங்கள் ஒருமுறை வாசிக்க வேண்டும். இங்கிருந்து 29 பொருள்: போர்வை, செம்புச் சாமான், சைக்கிள், பார்லி, வெல்லம், கற்கண்டு, மண்ணெண்ணெய், கைக்கடிகாரம், புகையிலை, மூக்குப்பொடி. மூச்சு விடுவதே பெரும்பாடாக இருக்கிற உயரத்தில் மூக்குப்பொடி! அங்கிருந்து 15 பொருள்: ஆட்டுத்தோல், கம்பளி, வெங்காரம், உப்பு, வெண்ணெய், குதிரை, யாக் முடி, யாக் வால். முடி தனி, வால் தனி. உலகத்துக்கே செல்போன் செய்து அனுப்புகிற நாட்டிலிருந்து நாம் யாக் வால் வாங்க அனுமதி கொடுத்தோம். 2012-ல் இன்னும் சில பொருளைச் சேர்த்தார்கள். மே முதல் நவம்பர் வரை, அதிலும் வாரம் நாலு நாள். 2020-ல் கோவிட் வந்ததும் மறுபடி பூட்டு. இது தோல்வி என்று நினைத்துவிடாதீர்கள். காகிதத்தில் பாதை திறந்தே இருக்கும், யாரும் போகவும் மாட்டார்கள். இதைவிடப் பத்திரமான சர்வதேச ஒத்துழைப்பு எங்கே கிடைக்கும்?

நம் ஊர் உதாரணம் கேட்பீர்கள். 1914-லேயே எழும்பூரில் ஒரு டிக்கெட் வாங்கினால் ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று கொழும்பில் போய் இறங்கலாம். கப்பல் ஏறுகிற இடமான தனுஷ்கோடியை 1964 டிசம்பர் புயல் கொண்டுபோனது. ராமேஸ்வரம் கப்பலை எண்பதுகளின் கலவரம் நிறுத்தியது. 2011-ல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு விட்ட கப்பல் ஜூனில் தொடங்கி நவம்பரில் முடிந்தது. பிறகு 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 'செரியபாணி' கிளம்பியது. பிரதமர் காணொலியில் கொடியசைத்தார், பூம்புகார் முதல் எல்லாப் பழம்பெருமையும் மேடையேறியது. நூற்றைம்பது பேர் போகலாம், முதல் நாள் ஐம்பது பேர் போனார்கள். கட்டணம் 7,670 ரூபாய். அக்டோபர் 20-ஆம் தேதியோடு சேவை நின்றது. காரணம், வடகிழக்குப் பருவமழை. பருவக்காற்றைப் பிடித்துக் கடல் கடந்த மரபை மீட்டெடுக்கப் போன கப்பலைப் பருவக்காற்று வருகிறது என்று நிறுத்தினார்கள். அடுத்த ஆகஸ்டில்தான் 'சிவகங்கை' என்ற வேறு கப்பல் ஓடத் தொடங்கியது.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. உங்கள் திட்டத்துக்குக் காத்திராமல் சிலர் அந்தப் பாதையில் தாங்களாகவே போய்வந்துகொண்டிருப்பார்கள். வேதாரண்யத்துக்கும் வல்வெட்டித்துறைக்கும் நடுவே லுங்கியும் சேலையும் ஏற்றி ஓடிய வத்தைக்காரர்கள் அப்படித்தான். பைக்குள் பை திணித்துக்கொண்டு விமானம் ஏறுகிற 'குருவி'கள் அப்படித்தான். 2019 கடைசியில் இலங்கை மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியது. அங்கே விலை மளமளவென்று ஏற, ராமநாதபுரம் கரையோரத்தில் மூட்டை மூட்டையாக மஞ்சள் பிடிபட ஆரம்பித்தது. கியூ பிரிவு போலீசார் படகு ஓரமாக மஞ்சள் மூட்டைகளை வரிசையாக அடுக்கி, பின்னால் நின்று படம் எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுத்தார்கள். அந்தப் படத்தை உற்றுப் பாருங்கள். வாசனைப் பொருள் இருக்கிறது, கடல் இருக்கிறது, வாங்குகிறவன் எதிர்க்கரையில் இருக்கிறான், மாநாடு கிடையாது, சின்னம் கிடையாது. இந்த மாதிரி ஆட்களை உங்கள் கண்காட்சிக்கு அழைத்துவிடாதீர்கள், அவர்களுக்கு வாய்தா இருக்கும்.

நாகையிலிருந்து கப்பலில் யாழ்ப்பாணம் போக ஆசைப்படுகிறவர்கள் பாஸ்போர்ட் எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை என்றால் பெட்டியைக் கட்டுவதற்கு முன்னால், கப்பல் ஓடுகிறதா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.