கெப்புடன் ஒரு பேச்சுவார்த்தை

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினாலும் நிறுத்தினார்கள், எங்கள் வீட்டுக் கெப்புக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. அதுவரை "இந்தத் தகரத்த வித்துத் தொலைங்க" என்று சொல்லிக்கொண்டிருந்த மனைவி, விலை கேட்டு வந்த தரகரிடம் "அது எங்க மூத்த புள்ள மாதிரி" என்றாள். 2025இல் இறக்குமதியைத் திரும்பத் திறந்தார்கள். புது வாகனங்களுக்கான வரியைக் கேட்டதும், மூத்த பிள்ளையே போதும் என்று குடும்பம் ஏகமனதாகத் தீர்மானித்தது. தொண்ணூறுகளின் கடைசியில் ஜப்பானில் பிறந்த டபுள் கெப் அது. கம்பெனிப் பெயரைச் சொல்லமாட்டேன். வண்டியிலேயே அந்த எழுத்துகளில் பாதி விழுந்துவிட்டன.

அதற்கு வந்த வியாதி விசித்திரமானது. பிரேக்கை மிதித்தால் பின்னால் இடப்பக்கச் சிக்னல் லேசாக எரியும். கெட்டம்பே நெரிசலில் நான் நிற்கப் பார்த்தால், இடப்பக்கம் திரும்பப் போகிறேன் என்று நினைத்துப் பின்னால் வருகிறவர்கள் வலப்பக்கமாக நுழைவார்கள். பஸ் கொண்டக்டர்கள் என்னைப் பற்றி இரண்டு மொழிகளிலும் அபிப்பிராயம் வைத்திருந்தார்கள். ஹெட்லைட்டைப் போட்டால் வைபர் பாதிவழியில் யோசிக்கத் தொடங்கும். ஐப்பசி மழையில் இரவு பேராதனையிலிருந்து திரும்பும்போது, பாதைக்கு வெளிச்சம் வேண்டுமா, கண்ணாடியில் தண்ணீர் போகவேண்டுமா என்று தெரிவு செய்ய வேண்டியிருந்தது. போதாததற்கு, டேஷ்போர்டில் எஞ்சின் லைட் ஒன்று நிரந்தரமாகக் குடியேறியிருந்தது.

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் எங்கள் மேட்டு ஒழுங்கையில் இதற்கு ஒரே தீர்ப்புத்தான். ஆட்டோ ஓட்டும் தம்பி எட்டிப் பார்த்தான்: "எர்த் இல்ல சேர்." ஓய்வுபெற்ற தபாலதிபர் குடையை மடக்காமலே சொன்னார்: "எர்த்." மீன் கொண்டுவருபவர், தராசைக்கூடக் கீழே வைக்கவில்லை: "எர்த்தாத்தான் இருக்கும்." எனக்கோ பட்டப்படிப்பு இருக்கிறது. இவ்வளவு பேருக்குத் தெரிந்த நோய் என் வண்டிக்கு வரலாமா? சில ஆயிரம் ரூபாய் கொடுத்து, போனோடு புளூடூத்தில் பேசும் ஸ்கேனர் ஒன்றை வாங்கினேன்.

ஸ்கேனரைச் செருகும் போர்ட் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிறது. அதைக் காண வேண்டுமானால் தலை பெடலுக்கு அருகிலும் கால்கள் கதவுக்கு வெளியிலும் இருக்க வேண்டும். அந்த நிலையில் ஒரு குடும்பத் தலைவனுக்கு என்ன மரியாதை மிஞ்சும்? தபாலதிபர் என் பாதங்களுக்குக் காலை வணக்கம் சொன்னார். மனைவி தேத்தண்ணியைப் பாதங்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். நான் போர்ட்டைக் கண்டேன், பதினாறு துளைகளையும் எண்ணினேன், ஸ்கேனரை அழுத்தினேன். அதன் விளக்கு எரியவேயில்லை.

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் மகள் மல்டிமீட்டரோடு வந்தாள். "அப்பா, பதினாறாம் துளைக்குப் பெட்டரி கரண்ட் வரணும். நாலாம் துளை எர்த். முதல்ல அது ரெண்டையும் பாருங்க." பார்த்தோம். பூச்சியம். சில வண்டிகளில் இந்தப் போர்ட்டுக்கும் சிகரெட் லைட்டருக்கும் ஒரே பியூஸ்தானாம். என் லைட்டர் துளையில் நடைபாதையில் வாங்கிய போன் சார்ஜர் ஒன்று செருகியிருந்தது. அது போகும்போது பியூஸையும் உடன்கட்டை ஏற்றியிருக்கிறது. புதுப் பியூஸ் போட்டதும் மீட்டர் 9 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டியது. பெட்டரியின் தலையில் வைத்தால் 12.6. மகள் கறுப்பு வயரை மட்டும் நாலாம் துளையிலிருந்து எடுத்து, நேரே பெட்டரியின் நெகட்டிவில் வைத்தாள். 12.5. "வர்ற வழி சரி, திரும்பிப் போற வழிதான் அடைச்சிருக்கு" என்றாள்.

அதாவது, எர்த். ஒழுங்கை முழுவதும் இலவசமாகச் சொன்னது.

வைபருக்கு அடியில் பலா இலைகள் மக்கி, மழைத்தண்ணீர் போகும் துவாரத்தை அடைத்திருந்தன. தண்ணீர் உள்ளே இறங்கி டிரைவர் பக்கத்து எர்த் போல்ட்டைத் துருவாக்கியிருந்தது. எஞ்சினிலிருந்து பொடிக்குப் போகும் பட்டைவயரும், பின்லைட்டின் எர்த்தும் அதே கதி. பிரேக் லைட்டுக்கு வந்த கரண்ட், திரும்ப வழியில்லாமல் சிக்னல் பல்ப் வீட்டுக்குள்ளால் புகுந்து போயிருக்கிறது. மண்காகிதத்தால் தேய்த்து, இறுக்கி, கிரீஸ் பூசினோம். வைபர் யோசிப்பதை நிறுத்தியது. சிக்னல் நான் சொன்னால் மட்டும் எரிந்தது. எஞ்சின் லைட் மட்டும் குடிபெயரவில்லை.

ஸ்கேனருக்கும் விளக்கு வந்தது. ஆனால் போனில் "இணைப்பு இல்லை" என்ற பதிலைத் தவிர வேறொன்றும் வரவில்லை. அமெரிக்காவில் 1996இலிருந்து எல்லாப் புதுக் கார்களும் ஸ்கேனரோடு பொதுத் தரத்தின்படி பேசவேண்டும் என்று சட்டம். ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001இலும் டீசலுக்கு 2004இலும் அது வந்தது. அந்தக் காலத்தில் ஜப்பானின் உள்ளூர்ச் சந்தைக்கென்று செய்த பல வண்டிகளில் வாய் மட்டும் அதே பதினாறு துளை, பேச்சு கம்பெனிக்குக் கம்பெனி வேறு. நான் வாங்கியது அந்த வாய்க்குப் பொருந்தும், பேச்சுக்குப் பொருந்தாது.

கராஜ் பாஸுக்குப் போன் போட்டேன். அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். "மாத்தயா, அத தூக்கி வைங்க" என்றவர், எந்த இரண்டு துளைகளை வயர்த் துண்டால் இணைக்க வேண்டும் என்று சொன்னார். மாற்றி இணைத்தால் கம்பியூட்டர் புகைந்துவிடும் என்றும் சொன்னார். சரியாக இணைத்தால் எஞ்சின் லைட் கோளாறின் இலக்கத்தைக் கண் சிமிட்டிக் காட்டும்: முதலில் பத்துகள், சின்ன இடைவெளி, பிறகு ஒன்றுகள், நீண்ட இடைவெளி, மறுபடி முதலிலிருந்து.

வயரை மகள் செருகினாள். லைட் சிமிட்டியது. "இருபத்தொன்று" என்றேன். வாசலில் நின்ற மனைவி, "பன்னிரண்டு. நீங்க நடுவுல இருந்து எண்ணத் தொடங்கினீங்க" என்றாள். நான் முறைத்தேன். "குக்கர் விசிலையே எண்ணத் தெரியாது" என்று வானத்தைப் பார்த்துச் சொன்னாள். இருபத்தொன்று என்றால் ஒரு சாமான், பன்னிரண்டு என்றால் வேறொரு சாமான்; எதுவானாலும் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குத்தான் போக வேண்டும். பிழையானதை வாங்கினால் திருப்பி எடுக்கமாட்டார்கள்.

மறுபடி எண்ணினோம். இந்த முறை என் மாமனாரும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அவருக்குப் பதினேழு வந்தது.