சொம்பைக் கீழ வைக்காத பேராண்டி

வாடா பேராண்டி. தோள்பட்டை புடுங்கித் தின்னுதாமே? உங்க ஆயா தைலத்தைத் தூக்கிக்கிட்டு வீடெல்லாம் ஓடுறா. அப்படி என்னடா மூட்டை தூக்கின? கம்ப்யூட்டர் எலியைத்தானே உருட்டின!

எந்திரி. அந்தச் சொம்புல பாதி தண்ணி மொண்டு, கையை நேரா நீட்டிப் புடி. லேசாத்தானே இருக்கு? புடிச்சுக்கிட்டே கேளு.

உன் வலி இன்னும் முத்தல. முத்தணும்னா சொல்றேன். லேப்டாப்பைக் கட்டில்லயே வெச்சுக்கோ, மேசை தண்டச் செலவு. எலியை மட்டும் எட்டி எட்டித் தொடுற தூரத்துல வை. காலைல உக்காந்தா சோத்துக்குக்கூட எந்திரிக்காத. மணக்குள விநாயகரே தங்கத் தேர்ல ஏறி வெளிய வராரு. அவருக்கு வேலை கம்மி, உனக்கு அப்படியா?

என்ன, கை இறங்குது? தூக்கு.

துய்மா வீதில பெயிண்ட் அடிக்கிறானே, அவனைக் கேளு. சுவத்துல இடுப்பு உசரத்துக்கு அடிக்கிற வரைக்கும் பாட்டுப் பாடுவான். உத்தரத்துக்குப் போனதும் பாட்டு நின்னுடும். தோள்ல எலும்புக்கு எலும்பு நடுவுல ஒரு சந்து இருக்கு, அதுல தசைநாரு ஓடுது. கை மேல போகப் போக சந்து குறுகும், நாரு உரசும். ஆனா நீ கையைத் தூக்கவே இல்லையே, உனக்கு ஏன் வலி? அதுக்குத்தான் சொம்பு. கனம் கொஞ்சம்தான், அசையாம புடிச்சிருக்கிறதுதான் பாரம். இறுகியே நிக்கிற தசைக்குள்ள ரத்தம் சரியாப் போவாது. நடுங்குது பாரு!

அதுக்கு மேல பயம் வேற. போன்ல உன் மேனேஜர் பேர் வந்தா, உன் தோள் ரெண்டும் காதுகிட்ட ஏறுது. நான் பாத்திருக்கேன்டா.

எங்கப்பன் இந்தப் புதுச்சேரிப் பஞ்சாலைத் தொழிலாளி. அறுந்த இழையை எட்டி முடியணும், பொழுதுக்கும். 1936 ஜூலை 30 அன்னைக்கு என்ன நடந்துச்சு? எட்டு மணி நேர வேலை கேட்டு, தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா பின்னாடி நின்னவங்க மேல பிரெஞ்சுக்காரன் சுட்டான். 12 உசுரு போச்சு. அடுத்த வருஷம் சட்டம் வந்துச்சு. அந்த எட்டு மணியைத்தான் ராசா நீ, ராத்திரி பதினோரு மணிக்கு 'ஓகே சார்'னு இனாமாக் குடுக்கிற. தர்மப் பிரபு!

என்னையும் சொல்லணும். இந்த இடது தோள் ஒரு வருஷம் இறுகிக் கிடந்துச்சு. சக்கரை இருந்தா அது கூடுதலா வரும்னாரு டாக்டர். சட்டை மாட்டிவிட ஆள் தேடி நடிக்கிறேன்னா உங்க ஆயா.

சாயந்திரம் பெத்தாங்க் ஆட வா, அதான் அந்த இரும்புக்குண்டு வீசுற பிரெஞ்சு ஆட்டம். குண்டு முக்காக் கிலோ இருக்கும், உன் எலியை விடக் கனம். ஆனா கையைக் கீழ தொங்கவிட்டு வீசணும், வீசினா நடந்துபோய்ப் பொறுக்கணும், நடுவுல ஊர்க்கதை. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்சன் வாங்குற சொல்தா கிழவனுங்க ஒருத்தனும் தைலம் தேடுறதில்ல. எங்ககிட்ட நீ தோத்துடுவ, அது வேற.

அட, வேட்டிமேல ஊத்தாதடா! குடு இங்க. எனக்குத் தாகம் எடுத்து எவ்ளோ நேரமாச்சு.