பீரோ நகருமா?

பொட்டிப்புரம் மலைக்குள் நியூட்ரினோ ஆய்வகத்தின் காந்தம் வந்திருந்தால், எங்கள் வீட்டு இரும்பு பீரோ நகர்ந்திருக்குமா? (வாசகி, தேவாரம்)

பீரோ நகராது. உள்ளே இருக்கும் நகை வேண்டுமானால் ஆனி பிறந்து ஸ்கூல் ஃபீஸ் கட்டும்போது அடகுக்கடைக்கு நகரும்!

திட்டமிட்டது 50,000 டன் இரும்பு, அதைச் சுற்றிச் செம்புச் சுருள். கரண்ட் பாய்ந்தால்தான் அது காந்தம். அந்தக் காந்தப்புலமும் பெரும்பாலும் இரும்புக்குள்ளேயே சுற்றும். ஆனால் 2022-ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் அந்த ஆய்வகமே 'வேண்டாம்' என்றுவிட்டது.

எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது. பேசாமல் நேர் இணைப்பு கொடுத்துவிடலாமா? (வாசகர், சின்னமனூர்)

குரைக்கிறது என்று நாயை விரட்டினால் யாருக்கு வசதி?

அந்தக் குட்டிப் பெட்டிக்குள்ளும் ஒரு செம்புச் சுருள் உண்டு. ஷார்ட் ஆன கணமே காந்தமாகி விசையைத் தட்டிவிடும். ஓவர்லோடு என்றால் உள்ளே ஓர் உலோகத் தகடு சூடேறி வளைந்து, கொஞ்சம் யோசித்துத் தட்டும். ஆனால் உங்களை ஷாக் அடித்தால் எம்.சி.பி. கண்டுகொள்ளாது. அதற்கு, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அணைக்கும் ஆர்.சி.சி.பி. தனியாக வேண்டும். ஈரக் கையோடு மோட்டார் போடுகிற வீடுகளில் முதலில் அதை மாட்டுங்கள்.

லோயர் கேம்ப் மின் நிலையம் பக்கத்திலேயே இருந்தும் கூடலூரில் கரண்ட் கட் ஏன்?

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் டர்பைனைச் சுற்றியதும் மின்சாரம் மாநில கிரிட்டில் கலந்துவிடும். கரண்டுக்கு ஊர்ப்பாசம் கிடையாதுங்க!